கார்க் கீறலுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஒழுங்கைகளில் கார் ஓட்டுகிறவர்களின் பொது எதிரி யார் தெரியுமா? கருக்குமட்டை! பனைமட்டையின் இரண்டு ஓரமும் வாள்பல்லுத்தான். வேலியில் ஒன்று சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், முன் மட்காட்டில் தொடங்கிப் பின்கதவு வரை ஒரே இழுவை! கிளுவைக் கொப்பு, முட்கம்பி, சாய்த்து விட்ட சைக்கிளின் ஹான்டில், படலைக் கொண்டி என்று மிச்சப் பட்டாளமும் வரிசையில் நிற்கிறது. கராச்சுக்குக் கொண்டுபோனால் "முழுக் கதவும் பெயின்ற் அடிக்க வேணும்" என்பார்கள். பொறுங்கள்! அந்தக் கீறலின் ஆழம் எவ்வளவு தெரியுமா?

பெயின்றின் முழுத் தடிப்பே 100 முதல் 150 மைக்ரோன்தான்! மில்லிமீற்றரை ஆயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு மைக்ரோன். அதாவது, இரண்டு இலட்சமோ இருபது இலட்சமோ கொடுத்து வாங்கிய காரின் பளபளப்பு முழுவதும் ஒரு போட்டோ கொப்பித் தாளின் தடிப்புக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்!

அந்தத் தாளுக்குள் நான்கு அடுக்கு இருக்கிறது, நம்ப முடிகிறதா? அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு, சுமார் 20 மைக்ரோன். இதைத் தூரிகையாலோ ஸ்பிறேயாலோ அடிப்பதில்லை. காரின் கூட்டை முழுதாகத் தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, பெயின்ற் தானே வந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள்! அதற்கு மேல் பிறைமர். அதற்கு மேல்தான் நிறம். இனி வருவதைக் கேளுங்கள்: நிறம் இருக்கும் அடுக்கு வெறும் 15, 20 மைக்ரோன்! தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். நீங்கள் கொழும்புக்கு ஆள் அனுப்பித் தேடி எடுத்த அந்தச் சிவப்பு, ஒரு மயிரின் கால்வாசிகூடத் தேறுமா என்பது சந்தேகம்!

எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடிப் பூச்சு, 40 முதல் 50 மைக்ரோன். கிளியர் கோட் என்பார்கள். நாம் 'மெல்லிய கீறல்' என்று சொல்லுவதெல்லாம் இந்தக் கண்ணாடிப் பூச்சுக்குள்ளேயே முடிந்துவிடும். நிறத்தைத் தொட்டிருக்கவே இராது!

அப்படியானால் கறுப்புக் காரில் கீறல் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? வெள்ளைப் பெயின்ற் உள்ளே இருந்து எட்டிப் பார்க்கிறதா? கிடையவே கிடையாது! மட்டமான பரப்பில் படும் ஒளி ஒரே திசையில் திரும்பும். கீறலின் கரடுமுரடான விளிம்பில் பட்டால் நாலா திசையும் சிதறும். அந்தச் சிதறலைத்தான் கண் 'வெள்ளை' என்று வாசிக்கிறது. இல்லாத ஒரு வெள்ளையைப் பார்த்துத்தான் இரவு நித்திரை இல்லாமல் புரள்கிறோம்!

மழையில் நனைந்த பழைய கார் புதுக் கார் போல மின்னுவதைக் கவனித்திருக்கிறீர்களா? மாரி மழை வந்தால் மானிப்பாய்ச் சந்தியில் நிற்கும் எல்லா வாகனமும் வடிவுதான்! காரணம் என்ன? வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் காற்றின் ஒளிமுறிவுக் குணகம் ஏறத்தாழ 1. கிளியர் கோட்டுக்கு சுமார் 1.5. கீறலுக்குள் காற்று இருந்தால் ஒளி தடுமாறுகிறது. தண்ணீர் புகுந்தால் குணகம் 1.33 ஆகிறது, தடுமாற்றம் குறைகிறது. தேங்காய் எண்ணெய்க்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 1.45! கிட்டத்தட்ட கிளியர் கோட்டேதான்! ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவினால் கீறல் கண்ணெதிரே மறைந்துபோவது இதனால்தான்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களே, கேட்டீர்களா? விற்கிறவர் காரைக் கழுவி ஈரத்தோடு காட்டினால் அவசரப்படாதீர்கள். காயும்வரை ஒரு பிளேன் ரீ குடியுங்கள்! எண்ணெய் தடவியிருந்தால் பிளேன் ரீ போதாது. சவர்க்காரத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் துடைத்துப் பாருங்கள், கீறல்கள் கும்பிட்டுக்கொண்டு வெளியே வரும்!

இந்தத் தண்ணீர் வித்தையே நல்ல வைத்தியப் பரிசோதனையும்கூட. நனைத்ததும் முற்றாக மறைகிறதா? வீட்டிலேயே சரிசெய்யலாம். நனைத்த பிறகும் கோடாகத் தெரிகிறதா? ஆழம்! உள்ளே சாம்பல் நிறமோ தகரமோ தெரிந்தால் எந்தப் பொலிஷும் உதவாது. பெயின்ற் வைத்தே தீரவேண்டும்.

இரண்டாவது பரிசோதனைக்குக் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. நகம்! கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுங்கள். தடக்கினால் ஆழம், வழுக்கினால் மேலோட்டம். விரலின் கூர்மை எவ்வளவு தெரியுமா? 2013 இல் சுவீடனின் கேடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 13 நனோமீற்றர் உயரமே உள்ள மடிப்பைக்கூட மனித விரல் உணர்ந்துவிட்டது! ஒரு மைக்ரோனில் 1,000 நனோமீற்றர். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடுகிறது!

விரலை இன்னும் கெட்டிக்காரனாக்க ஒரு வழி சொல்லட்டுமா? கையை மெல்லிய சொப்பிங் பைக்குள் விட்டுக்கொண்டு, கழுவித் துடைத்த பொனெற்றைத் தடவுங்கள். சுத்தம் என்று நீங்கள் சத்தியம் செய்த இடமெல்லாம் மணல்மணலாகத் தட்டுப்படும்! தோல் பெயின்றில் இழுபடுவதைப் பொலித்தீன் தடுத்துவிடுவதால், குறுணி மட்டும் தனியாகத் தெரிகிறது.

தோல் என்றதும் ஒன்று. நம்முடைய மேல்தோலின் தடிப்பும் உடம்பின் பல இடங்களில் 0.1 மில்லிமீற்றர் அளவுதான்! காரின் பெயின்றும் நம் மேல்தோலும் ஏறத்தாழ ஒரே தடிப்பு! தோலைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்த ஊர் எது தெரியுமா? இதே மானிப்பாய்! 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கேதான் ஆஸ்பத்திரி நடத்தி, தமிழில் வைத்திய நூல்களும் வெளியிட்டார். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரில் நிற்கிறது.

சரி, கீறலை எப்படி எடுப்பது? இங்கேதான் பெரிய அதிர்ச்சி! பொலிஷ் போட்டால் கீறல் 'நிரம்பிவிடுகிறது' என்று நினைக்கிறீர்களா? இல்லை! கீறலைச் சுற்றியிருக்கும் நல்ல பெயின்றைத்தான் தேய்த்து எடுக்கிறோம்! பள்ளத்தை மூடாமல், மேட்டை எல்லாம் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறோம். மெல்லிய பொலிஷ் ஒரு தடவைக்கு ஒரு மைக்ரோன் அளவு எடுக்கும். 'கட்டிங்' கொம்பவுண்ட் என்றால் இரண்டு, மூன்று. இருப்பில் இருப்பதே நாற்பது, ஐம்பது! ஆகவே தீபாவளி, பொங்கல், வருஷப்பிறப்பு என்று ஆண்டுக்கு மூன்று தரம் 'கட் அன்ட் பொலிஷ்' செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. கிளியர் கோட் மெலிந்தால் வெயில் உள்ளே புகுந்துவிடும். பிறகு மேற்கூரையிலும் பொனெற்றிலும் தோல் உரிவதுபோல் வெள்ளை வெள்ளையாகக் கழன்று வரும். அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது!

அந்தக் கொம்பவுண்ட் பசைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? நீலக்கல்! கதை விடவில்லை. பொலிஷ் பசைகள் பலவற்றில் வேலை செய்வது அலுமினியம் ஒக்சைட் தூள். இரத்தினபுரியில் கிண்டி எடுக்கும் நீலக்கல்லும், மாணிக்கமும் அதே அலுமினியம் ஒக்சைட்தான்! நிறம் கொடுக்கும் அற்பக் கலப்புத்தான் வித்தியாசம். மோஸ் கடினத்தன்மை அளவில் இது 9, வைரம் 10. மோதிரத்தில் இருந்தால் இலட்சம், டப்பாவுக்குள் இருந்தால் சில நூறு!

பற்பசை போட்டால் கீறல் போகுமா? எல்லா வீட்டிலும் வரும் கேள்வி! கொஞ்சம் போகும். எப்படி? பல பற்பசைகளில் உரஞ்சும் பொருளாக இருப்பது சிலிக்கா அல்லது கல்சியம் காபனேற்று. கல்சியம் காபனேற்று என்பது வேறென்ன, நமது சுண்ணாம்புக்கல்! யாழ்ப்பாணக் குடாநாடே நிற்கும் கல்! 1950 முதல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அரைத்த கல்! குடாநாட்டின் அத்திவாரத்தைத்தான் காலையில் பல்லில் தேய்க்கிறோம். ஆனால் பற்பசையின் குறுணி பல்லுக்காக அளவிடப்பட்டது, பெயின்றுக்காக இல்லை. உள்ளங்கை அகலத்துக்குள் இருக்கும் சின்ன உரசலுக்குப் பாவிக்கலாம். முழுக் கதவுக்கும் ரியூப் ரியூபாகப் பிதுக்குவது வீண் வேலை. உமிக்கரி? வேண்டவே வேண்டாம்! உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. பித்தளைக் குடத்துக்கு வடிவு, காருக்கு வினை!

காடு தந்த சான்ட் பேப்பர் ஒன்று இருக்கிறது, தெரியுமா? பராய் மரத்தின் இலை! பிராய் என்றும் சொல்லுவார்கள். தொட்டாலே சொரசொரக்கும். மரச்சாமானையும் சட்டிபானையையும் இதனால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். சீனாவிலோ 13ஆம் நூற்றாண்டிலேயே சிப்பித் தூள், விதை, மணல் இவற்றைத் தோல்தாளில் பிசினால் ஒட்டித் தேய்த்தார்கள்!

இன்றைய சான்ட் பேப்பரின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். இலக்கம் கூடக்கூடத் துகள் சிறுக்கும். 80 என்றால் துகள் சுமார் 200 மைக்ரோன். உங்கள் முழுப் பெயின்றையும் விடப் பெரிது! 1000 என்றால் சுமார் 18. 2000 என்றால் சுமார் 10 மட்டுமே! தச்சுவேலைக்கு வாங்கி மிஞ்சிய துண்டைக் கார்ப் பக்கம் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று இப்போது விளங்குகிறதா? ஒரே இழுவையில் நிறத்தைத் தாண்டித் தகரம்! 2000, 3000 இலக்கத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பதும் கைபழகியவர்களின் வேலை. முதல் தடவை செய்கிறவர் அதைத் தொடாமல் கொம்பவுண்டோடு நிற்பதே புத்தி.

தண்ணீரில் நனைத்தாலும் கரையாத சான்ட் பேப்பர் கார்ப் பெயின்ற் வேலைக்குப் பெரிய வரம்! 1921 இல் அமெரிக்காவின் த்ரீ எம் கம்பனி இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை காய்ந்த தேய்ப்பு. பெயின்ற் தூள் மூச்சுக்குள்! அந்தத் தாளைப் பரீட்சித்துப் பார்க்கக் கராச்சுகளுக்குக் கொண்டுபோன இளம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ அங்கே என்ன கண்டார்? இரண்டு நிறம் அடித்த கார்களில், ஒட்டிய கடதாசியை உரிக்கும்போது பெயின்றும் சேர்ந்து வருகிறது, தொழிலாளர்கள் திட்டுகிறார்கள். 1925 இல் அவர் கொடுத்த விடைதான் மாஸ்கிங் ரேப்! இன்று பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பி உறை வரைக்கும் வந்துவிட்ட ஒட்டுநாடாக் குடும்பத்தின் கதை ஒரு கார்க் கராச்சின் திட்டில் தொடங்கியது!

நீங்களும் கீறலைச் சுற்றி அந்த ரேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள். றப்பர் ஓரம், கறுப்புப் பிளாஸ்ரிக், கதவின் கூரான மடிப்பு, இவை எல்லாம் ரேப்புக்குள் ஒளிய வேண்டும். ஏன் தெரியுமா? மடிப்பு விளிம்பில் பெயின்ற் மற்ற இடங்களை விட மெல்லியது. தேய்க்கும் அழுத்தமும் அங்கேதான் குவியும். விளிம்பைத் தேய்த்துத் தகரம் கண்டவர்கள் ஏராளம்! பிறகு நிழலில், பெயின்ற் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது, ஈரப் பஞ்சில் பட்டாணி அளவு கொம்பவுண்ட். ஒரு சதுர அடிக்கு மேல் போகாதீர்கள். மேலும் கீழுமாகவும் குறுக்காகவும் மெல்லத் தேய்த்து, துடைத்து, பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை. முக்கால்வாசி மறைந்தாலே நிறுத்திவிடுங்கள்! மிச்சக் கால்வாசியைத் துரத்துகிறவர்தான் கிளியர் கோட்டைத் தொலைக்கிறார். கடைசியில் மெழுகு.

மெழுகு என்றதும் ஓர் ஆச்சரியம்! கார் மெழுகுகளின் ராஜா கர்னூபா எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒரு பனையிலிருந்து! பிரேசிலின் வடகிழக்கில் வளரும் பனைக்குடும்ப மரம். வறட்சியில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அது தன் ஓலைக்கு மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு உதிரும்! 82 பாகைக்கு மேல் சுட்டால்தான் உருகும்; அதனால் வெயிலில் நிற்கும் காருக்கும் பொருத்தம். நாங்கள் பனையைக் கற்பகதரு என்கிறோம் அல்லவா? பிரேசில்காரரும் தங்கள் பனையை 'வாழ்வின் மரம்' என்கிறார்கள்! இங்கே ஒரு பனை காரைக் கீறுகிறது, அங்கே ஒரு பனை அதை மூடிக் கொடுக்கிறது! பளபளக்கும் இனிப்புகளிலும் குளிசைகளிலும் இதே மெழுகு பூசப்படுகிறது. தின்றும் இருக்கிறீர்கள்!

கீறலில் பெரும்பகுதி மட்டையாலும் முள்ளாலும் வருவதில்லை என்றால் நம்புவீர்களா? நாமே போடுகிறோம்! வெயிலில் நின்று காரின் பக்கக் கண்ணாடிக்கு அருகே பாருங்கள். சூரியனின் விம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை தெரியும். துடைத்ததால் வந்த கீறல்கள்! நம் வலிகாமப் பகுதியின் செம்பாட்டு மண்ணில் குவாட்ஸ் மணல் கலந்திருக்கிறது. குவாட்ஸின் கடினத்தன்மை 7. ஜன்னல் கண்ணாடியே ஐந்தரைதான்! அந்தத் தூசி படிந்த காரைக் காலையில் பழைய சாரத்தால் 'பளிச்' என்று துடைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். சாரம் என்ன ஆனது? சான்ட் பேப்பர்!

புது வாகனத்தை மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வது வழக்கம். எலுமிச்சம்பழம் ரயருக்கு, சந்தனமும் விபூதியும் பொனெற்றுக்கு. விபூதியில் என்ன இருக்கிறது தெரியுமா? சாணச் சாம்பலில் சிலிக்கா நிறைய! வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் தேய்த்துத் துடைத்தால் முதல் நாளே முதல் கீறல்! பிள்ளையார் மேல் பழி போடாதீர்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினால் காரியம் முடிந்தது.

மருதடிப் பிள்ளையாருக்குச் சித்திரை வருஷப்பிறப்பன்று தேர். அந்த நாளில் இன்னொரு அதிசயம் மேலே நடக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? மானிப்பாய் வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில்! நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். தேர் பார்க்க வந்து வீதியோரம் விட்ட கறுப்புக் காரின் கூரை 60, 70 பாகைக்கு ஏறிவிடும். அந்தச் சூட்டில் காகம் எச்சமிட்டால்? எச்சத்தில் யூரிக் அமிலம். சூட்டில் இளகிய பெயின்ற் குளிரும்போது எச்சத்தின் அடியில் சுருங்கி வடுவாகிவிடும்! கீறலைவிட இதை எடுப்பது கஷ்டம். கண்ட உடனே ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு, ஊறியபின் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்!

கழுவும் தண்ணீரும் சும்மா இல்லை! குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. எல்லாம் கிணறு, எல்லாம் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணீர். வெயிலில் கழுவிக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டம் விட்டுப்போகும். கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு! பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினாகிரியில் துணியை நனைத்து ஒற்றி, உடனே நிறைய நல்ல தண்ணீர் ஊற்றினால் போய்விடும். கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் சவர்க்காரம், மற்றது பஞ்சை அலச. ஒரே வாளி என்றால் எடுத்த மணலையே திரும்பப் பூசுகிறீர்கள்!

துடைக்க எது? மைக்ரோபைபர் துவாய். அதன் ஓர் இழை எவ்வளவு மெல்லியது தெரியுமா? 9 கிலோமீற்றர் நீள இழையின் நிறை ஒரு கிராமுக்கும் குறைவு! மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகர் வரை இழுத்துக் கட்டினாலும் மிச்சம் வரும்! மிக நுண்ணிய ரகத்தில் ஒரு கிராம் 90 கிலோமீற்றர் நீளும். ஏ9 வீதியில் கிளிநொச்சியையும் தாண்டும்! கீழே விழுந்த துவாயை மட்டும் அப்படியே காரில் போடாதீர்கள். அந்த இழைகள் மணலை விடவே விடாது.

பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 வைத்திருக்கிறீர்களா? உங்களுக்குத் தனி விதி! அவற்றின் காலத்தில் கிளியர் கோட் என்பதே இல்லை. நிறமே மேல் அடுக்கு. வெள்ளைத் துணியில் பொலிஷ் தொட்டுத் தேய்த்தால் பச்சைக் கார் என்றால் துணி பச்சை, கறுப்பு என்றால் கறுப்பு! பயப்படாதீர்கள், அது காயம் இல்லை. துணியில் நிறம் வந்தால் ஒற்றைப் பூச்சு, வராவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. ஐந்து சதச் செலவில்லாத ஆய்வுகூடம்!

1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனர், பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார். அந்தச் சாதனையைக் கொண்டாட 350 கார்களுக்கு என்ன நிறம் அடித்தார்கள் தெரியுமா? இளம் ஊதா! அதற்கும் முன்னே, 1914 முதல் 1925 வரை போர்ட் மொடல் ரி காருக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது. அந்தக் காலத்து வண்ணப் பூச்சுகள் காயக் கிழமைக்கணக்கில் எடுக்கும்! 1920களில் டுக்கோ என்ற பூச்சு வந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு மணிக்கணக்காகச் சுருங்கியது.

இந்தக் கிழட்டு ஒஸ்ரின்களும் மைனர்களும் யாழ்ப்பாணத்தில் எப்படிப் பிழைத்தன? மண்ணெண்ணெயில்! 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் தங்கமாகிவிட்டது. போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபுரேட்டருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள்! அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரம் என்பதால் தாங்கியது. புதுக் கார் என்றால் முதல் மைலிலேயே படுத்திருக்கும். அதே மண்ணெண்ணெய் இன்றும் காருக்கு உதவுகிறது. புது வீதியில் தெறித்த தாரைத் துணியில் தொட்டுக் கரைத்து எடுக்கலாம். உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ மறக்கக்கூடாது.

தார் என்றால், வாகனத்தில் வேண்டுமென்றே தார் பூசிய காலமும் இருந்தது! 1957 இல் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பில் இறங்கியது. அந்த எழுத்துக்குத் தார் பூசித் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். இலங்கையின் வரலாற்றில் ஒரு வாளித் தாரும் ஒரு தூரிகையும் கிளப்பிய புயல் அது!

'9எச் செறமிக் கோட்டிங், கீறலே விழாது' என்று விளம்பரம் பார்த்தீர்களா? அந்த 9எச் என்ன தெரியுமா? பென்சில்! பெயின்றின் கடினத்தை அளக்கத் தொழிற்சாலைகளில் பென்சிலை 45 பாகை சரித்து, 750 கிராம் பாரத்தோடு தள்ளுகிறார்கள். கீறாத பென்சில்களில் மிகக் கடினமானது எதுவோ அதுவே அளவு. நீலக்கல்லின் 9 வேறு, பென்சிலின் 9எச் வேறு! கோட்டிங் கழுவுவதைச் சுலபமாக்கும், மறுப்பதற்கில்லை. கருக்குமட்டைக்கு முன்னால் அது நிற்காது!

ஜப்பானிலிருந்து வந்த காரா? அதன் கீறல்களுக்கு ஜாதகமே இருக்கிறது! அங்கே ஏலம் விடும்போது ஒரு தாளில் காரின் படம் வரைந்து ஒவ்வொரு காயத்தையும் குறிக்கிறார்கள். 'ஏ' என்றால் கீறல், 'யூ' என்றால் நெளிவு, 'எஸ்' என்றால் துரு, 'டபிள்யூ' என்றால் திருத்திய தடம். ஏ1 சின்னக் கீறல், ஏ3 பெரியது! இங்கே 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் நாடு முழுவதும் இருந்த கார்களையே கைமாற்றி ஓடினோம். ஆகவே, கைமாறிய காரை வாங்கும்போது அந்த ஏலத் தாளைக் கேளுங்கள். டபிள்யூ குறியிருக்கும் கதவில் பொலிஷ் போட முன் இரண்டு தரம் யோசியுங்கள். திரும்ப அடித்த பெயின்றின் தடிப்பு தொழிற்சாலைக் கணக்கில் இராது.

கடைசியாக ஒன்று. தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் பெயின்ற் இருக்கிறது, தெரியுமா? 2005 டிசம்பரில் நிசான் அறிவித்தது! கிளியர் கோட்டுக்குள் இழுபட்டுத் திரும்பும் பிசின் சேர்த்தார்கள். மெல்லிய கீறல் விழுந்தால் அது மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிடும். எவ்வளவு நேரம்? ஒரு நாளிலிருந்து ஒரு கிழமை! எதைப் பொறுத்து? கீறலின் ஆழத்தையும் சூட்டையும் பொறுத்து. சூடு கூடினால் வேகமாக ஆறும்! குளிர்நாட்டில் ஒரு கிழமை எடுப்பது, சித்திரை வெயிலில் மானிப்பாயில் நிறுத்திவைத்தால் எத்தனை நாளில் ஆறும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!